உரியவர் தெரியவில்லை

பேருந்து நிலையத்தில் தங்கிப்போனவை,
கட்டணக் கழிப்பறைக் கொக்கியில் தொங்கியவை,
சந்தை முக்கில் ஆறு மாதமாய்
கேட்பாரற்று நனைந்த தள்ளுவண்டி.
முப்பது நாள் அவகாசமென்று அறிவிப்பு ஒட்டினேன்.
மூன்றாம் நாளே கோத்தகிரி மேகம்
மையை நக்கிவிட்டது.

இன்று ஏலம்.
குடைகள் நாற்பத்தொன்று, ஒரே குவியலாக.
ஒற்றைச் செருப்புகளை
இனாமாகவும் வேண்டாமென்றார்
பழைய இரும்புக்கடை உதுமான்.

அப்புறம் ஒரு தூக்குவாளி.
விளிம்பில் புள்ளி புள்ளியாய்
'ஆ. ஹாலம்மா 9.2.97'.
பதிவேட்டின் நான்காம் கட்டத்தில்
'தெரியவில்லை' என்றிருக்கிறது,
என் கையெழுத்துதான்.
கொடுத்தவள் பெயரோ
வைத்திருந்தவள் பெயரோ,
ஆபீசில் பெயர் செல்லாது,
ரசீது வேண்டும்.

"நூத்தம்பது, ஒரு தரம்."
உதுமான் கையைத் தூக்கினார்.
"பேரு கெடக்கட்டும் சார்,
மிஷின்ல வச்சா
அஞ்சு நிமிஷத்துல போயிரும்."
"மூணு தரம்."

ஒப்படைக்கும் முன்
உள்ளே காலியா எனத் திறந்து காட்டுவது விதி.
காட்டினேன்.
அடியில் ஓர் அவரைக்கொட்டை,
காய்ந்து, சுருங்கி, பட்டியலில் இல்லாமல்.

சட்டைப் பையில்தான் இருக்கிறது.
எந்தத் தலைப்பில் வரவு வைப்பதென்று
மேலாளரை இன்னும் கேட்கவில்லை.