நான்கு மணி அறிக்கை

நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரியில்தான் வரும்.
திரோம்சோவில் பகல் என்பது
ஜன்னலில் கொஞ்ச நேர நீலம்.

யோருன்னின் திரையில் ஒரு கோப்பு,
அதற்குள் மூன்று கர்சர்கள்.
ஆரஞ்சு அவளுடையது.
ஊதா ஹல்வார், மலைகள் பல தாண்டித் தெற்கே, ஓப்டாலில்.
பச்சை மாரெட்.
அவள் அதிகம் எழுதமாட்டாள்.
பனியில் வெட்டிய குழியின் படத்தைப் போட்டுவிட்டு
ஸ்கூட்டர் ஏறிப் போய்விடுவாள்.
அளவுக்குப் பக்கத்தில் ஒரு மண்வாரி,
சில நாள் அவள் நாயின் வால்.

நாளை எந்தச் சரிவில் கால் வைக்கலாம் என்று
முன்பின் தெரியாத யார் யாரோ
நான்கு மணிக்குத் திறந்து பார்ப்பார்கள்.

அபாயம்: மூன்று,
என்று எழுதுகிறாள் யோருன்.
ஊதா வந்து மூன்றை அடித்து
நான்கு ஆக்குகிறது.
ஓரத்தில் ஒரு குறிப்பு.
குறிப்பா அது, கடிதம்:
அறுபது சென்டிமீட்டர் கீழே சர்க்கரைபோல் உதிரும் அடுக்கு;
அதன்மேல் காற்று கொண்டுவந்து இறுக்கிய பலகை;
இரண்டாம் படத்தின் இடது ஓரம் பார், கீறல்.
அரைப்புள்ளிகூடத் தவறாத எழுத்து.

அவள் மறுக்கிறாள். அவன் விளக்குகிறான்.
மூன்று குளிர்காலமாக இதே கதை.
கூட்டங்களில் அவன் கேமரா அணைந்திருக்கும்,
மைக் அணைந்திருக்கும்.
'இங்கே சத்தம், எழுதுகிறேன்' என்பான்.
திமிர் பிடித்தவன் என்று
அவள் எப்போதோ முடிவுகட்டிவிட்டாள்.

மூன்று முப்பத்தெட்டுக்குக் கோப்பு சாம்பலாகி உறைந்தது.
ஒரு சொல்லின் பாதியில் நின்றது ஊதா.
வேறு வழியில்லை, போனில் அழைத்தாள்.

எடுத்தான்.
மூச்சு.
பிறகு
ம்

ம்

ம்

தமிழில் எழுதுவதால்
நான் இங்கே குறுக்கிட வேண்டியிருக்கிறது.
புள்ளி வைத்த எழுத்து தானாக நகராது,
உயிர் வந்து ஏற வேண்டும்.
ஹல்வாரின் உதட்டில் மெய் நின்றுகொண்டிருந்தது.
உயிர் வரும் பாதையை
பனி மூடியிருந்தது.

சொல்லை முடித்துக் கொடுக்க அவள் வாயெடுத்தாள்.
கோப்பில் பழகிய பழக்கம்;
அவன் பாதியில் விட்டதையெல்லாம்
எத்தனை முறை முடித்திருக்கிறாள்.
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
சுவர்க் கடிகாரத்தில் நொடிமுள் ஒரு சுற்று வந்தது.
மறுபடி புறப்பட்டது.

'மாரெட்டிடம் கேட்டேன்.
கால் வைத்ததும் பனி உறுமியதாம்.
படத்தில்
ச... ச...
சத்தம் வராதே.'

யோருன் ஜன்னலைப் பார்த்தாள்.
நீலம் எப்போதோ போயிருந்தது.
'நான்கு' என்றாள்.
'நான்கு' என்றான்,
அந்த ஒரு சொல் மட்டும் தடங்காமல்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு இணைப்பு திரும்பியது.
ஊதா துடித்து
விட்ட சொல்லின் மீதியை எழுதியது.
வாதமெல்லாம் ஓரத்தில் அப்படியே இருந்தது.
'தீர்ந்தது' என்ற பொத்தானை அழுத்தினால் மறைந்துவிடும்.
அழுத்தவில்லை அவள்.

அன்றிரவு சரிவு இறங்கியதா?
தெரியாது.
யாரும் போகாத மலையில்
யார் பார்ப்பது.

மறுநாள் காலை உரையாடல் பெட்டியில்
மூன்று புள்ளிகள்:
படுத்துக்கிடக்கும் ஓர் ஆய்தம்.
வந்தது, போனது,
வந்தது.
முன்பென்றால் ஒரு கேள்விக்குறியைத் தட்டியிருப்பாள்.
இன்று எழுந்து போய்க் காபி போட்டாள்,
பாலைத் தேடினாள், இல்லை,
கறுப்பாகவே எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

இன்னும் எழுதிக்கொண்டிருந்தான்.
பிறகு வந்தது:

'காலை வணக்கம்.
மாரெட் இன்று குழியை மறந்துவிட்டாள்.
வால் மட்டும் வந்திருக்கிறது.'