பிழியாத துணி

ரிசேயிலிருந்து இஸ்பிருக்கு மினிபஸ் ஓட்டுகிறேன்.
கடல் பக்கம் ஏறும்போது வைப்பருக்கு ஓய்வே இல்லை.
தேயிலைச் சரிவு, பசுவின் முதுகு,
பள்ளிவாசல் தகரக்கூரை,
எல்லாம் சொட்டச் சொட்ட.
ஓவித் மலைக்குள் பதினான்கு கிலோமீட்டர் சுரங்கம்.
வெளியே வந்தால்
நிறுத்த மறந்த வைப்பர்
வறண்ட கண்ணாடியைக் கீறிக் கத்துகிறது.

கருங்கடலில் கிளம்பிய மேகம்
இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கி
மூட்டையை இந்தப் பக்கமே அவிழ்த்துவிடும்.
அந்தப் பக்கம் இறங்குவது
வெறுங்கை வீசி வரும் காற்று மட்டும்.

ஹவ்வா அம்மாளுக்கு இது போதும்.
நான்கு நாளாய்க் காயாத
கம்பளிக் காலுறை, போர்வை, கணவரின் கால்சட்டை
என் பின்சீட்டில் ஏறும்.
இஸ்பிரில் வாழ்க்கைப்பட்ட மகள் ஸெகியே
நான் ஒரு தேநீர் குடித்து, டயர் பார்த்து முடிப்பதற்குள்
காயவைத்து மடித்துத் தந்துவிடுவாள்;
கூடவே, கூரையில் உலர்ந்த மல்பெரி இரண்டு பிடி.
நான் கூலி கேட்டதில்லை.
மல்பெரி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆகஸ்டில்,
அவள் வீட்டுக் கிணறு அடி தெரிந்த வாரம்,
ஜன்னலோரம் வந்து மெதுவாய்ச் சொன்னாள்:
“அம்மாவிடம் சொல்லுங்கள்,
அடுத்த தடவை
பிழிய வேண்டாம்.”