அரைக்கட்டை

ரூவியில், துணிக்கடைத் தெருவின் முதுகுப்பக்கம்,
மொட்டை மலையைப் பார்த்தபடி நிற்கிற பழைய வில்லாவில்
விருந்தாளிகளுக்காகக் கட்டிய கூடம்தான் எங்கள் வகுப்பு.
பதினான்கு பிள்ளைகள். நான்கு வயது, அதற்கும் கீழே.
மே பிறந்துவிட்டால் முற்றத்துச் சறுக்குமரம்
தோசைக்கல்.
ஓடுவது, விழுவது, அழுவது, மறுபடி ஓடுவது
எல்லாம் இந்த நாலு சுவருக்குள்.

தரையில் நீல டேப்பால் ஒரு நீளக் கோடு.
நண்டென்றால் அதன்மேல் பக்கவாட்டில் போகவேண்டும்,
ஒட்டகமென்றால் அவசரப்படக் கூடாது,
டாக்ஸியென்றால் ஹாரன் கட்டாயம்.
மூன்று என்றால் மூன்று குதி.
ஐந்து என்றால் ஐந்து.
ஏழு தாண்டினால் ஹைதம்
எண்ணுவதை விட்டுவிட்டுக் குதித்துக்கொண்டே இருப்பான்.
அவன் கணக்கில் ஏழுக்கு அடுத்த எண்
'நிறைய'.

பாட்டுக்கு என்னிடம் இருந்தவை:
லபன் பாட்டிலில் கடலைப்பருப்பு போட்ட கிலுக்கு,
கவிழ்த்துவைத்த பேரீச்சம்பழ வாளி,
ஐந்து கட்டைக்கு மேல் போனால் உடைகிற என் குரல்.
ஒரு கீபோர்டு கேட்டிருந்தேன்.
"அடுத்த டேர்ம்" என்றார் பத்ரியா மேடம்,
மூன்று டேர்மாக.

பிறகு, ஜன்னலில் அந்த ஏசி.
என் கல்யாணத்துக்கு முன்பே மாட்டியிருப்பார்கள்.
காலை ஏழரைக்கு ம்ம்ம்ம் என்று பிடித்தால்
கடைசிப் பிள்ளை வேன் ஏறும்வரை மூச்சு வாங்காது.
அதை நான் இரைச்சல் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை, இரண்டாவது பாட்டின் நடுவில்,
அது நின்றது.

வாளி நின்றது. கிலுக்கு நின்றது.
டாக்ஸிகள் நடுரோட்டில் நின்றன.
பத்து நிமிடத்தில் எல்லாக் கழுத்திலும் ஈரம்.
அத்தனை பேரையும் டைல்ஸில் குப்புறப் படுக்கவைத்து
"நாம் இப்போது பல்லிகள்" என்றேன்.
வேறொன்றும் தோன்றவில்லை.

அப்போது சமர்,
எந்தப் பாட்டையும் ஐஸ்க்ரீம் வண்டிக்காரரைக் கூப்பிடுவதுபோல் கத்துகிறவள்,
கன்னத்தைத் தரையிலிருந்து எடுக்காமல்
ம்ம்ம்ம் என்றாள்.
அடுத்து ஜெரோமியா. அடுத்து இரட்டையர் உமைரும் உசைரும்.
கொஞ்ச நேரத்தில் பதினான்கு பல்லிகளும் அதே ம்ம்ம்ம்,
இயந்திரம் விட்ட இடத்தில்,
ஒரு நூல் பிசகாமல்.
ஏசியை இவர்களே போட்டுவிட்டார்கள்.
"மிஸ், குளிருதா?" என்றான் ஹைதம்,
மேலுதட்டில் வியர்வை மீசையோடு.
வயிறுகளின் அதிர்வு டைல்ஸ் வழியே
என் உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்தது.
குளிருது என்றேன்.

மறுநாள் நவாஸ் பாய் ஏணியோடு வந்தார்.
வெள்ளை ஏசி. ரிமோட் உண்டு.
"சத்தமே கிடையாது, கேட்டுப் பாருங்க."
கேட்டேன். இருந்தது.
மெல்லிசாக, பழசைவிட அரைக்கட்டை மேலே.

காலைப் பாட்டைத் தொடங்கினேன்.
மூன்றாம் சொல்லில் சமர் காதைப் பொத்தினாள்.
"தப்பு."
யார் தப்பு?
விரல் என்னைக் காட்டியது.
கொஞ்சம் யோசித்து, மேலே சுவரைக் காட்டியது.

போன டேர்ம் அறிக்கையில் பதினான்கு முறை எழுதியிருந்தேன்:
சுருதி உணர்வு, நன்று.
சொல்லிக்கொடுத்தவள் நானென்று நினைத்துக்கொண்டு
பதினான்கு கையெழுத்தும் போட்டிருந்தேன்.

சரி, உடம்பால் பார்ப்போம் என்றேன்.
பழைய ஏசிக்குப் பாதம் முழுக்கத் தரையில்.
புது ஏசிக்குக் குதிகாலைத் தூக்கவேண்டும்.
"எவ்வளவு?" என்றாள் ஜெரோமியாவின் பக்கத்தில் நின்ற தியாரா.
நியாயமான கேள்வி. அரைக்கட்டைக்கு எவ்வளவு?
ஒரு விரல்கடை என்றேன், குத்துமதிப்பாக.

தூக்கினார்கள்.
தள்ளாடினார்கள், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்,
ம்ம்ம்ம் மெல்ல மேலே ஏறிப்
புது ஏசியைத் தொட்டது, வழுக்கியது, மறுபடி தொட்டது.
கடைசி ஸ்க்ரூவுக்காக ஏணியில் நவாஸ் பாயும்
நுனிக்காலில்தான் நின்றிருந்தார்.

ஹைதம் மட்டும் குதித்தான்.
ஆறு. ஏழு.
நிறைய.