கிளுவைக்கு இந்தப்பக்கம்

மூலனூர் ரோட்டிலிருந்து பார்த்தால்
என் கொரங்காடுதான் அழகு.
இடுப்பு உயரத்தில் பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ,
கொத்தமல்லி விதைத்த மாதிரி.
போன வாரம் ஒரு கார் நின்றது,
பிள்ளையை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.
பார்த்தீனியமுங்க, அரிக்கும் என்றேன்
முழங்கை வரை சொறிந்துகொண்டே.

பாகம் பிரித்தபோது எட்டு ஏக்கர் எனக்கு,
எட்டு ஏக்கர் தம்பிக்கு.
நடுவில் முள்கிளுவை. அதே செம்மண், அதே சுக்கான்கல்,
மழையும் ஒன்றுதான், பெய்தால்.
தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில்.
காட்டையும் அறுபது செம்மறியையும் பார்ப்பவள்
அவன் மனைவி பருவதம்.

நான் சுத்தக்காரன்.
கொழுக்கட்டைப் புல் விதைக்கு நல்ல விலை என்று
ஒருவர் வந்து சொன்ன வருடம்
மற்றதுக்கெல்லாம் களை என்று பெயர் வைத்தேன்.
நரிப்பயறு போனது. கொழுஞ்சி போனது.
செவ்வருகு, துத்தி, தரையோடு படுத்திருந்த விஷ்ணுகிரந்தி,
எல்லாவற்றையும் ஆள் விட்டு, கூலி கொடுத்து,
பதினோரு மணிக்கு டீயும் வடையும் கொடுத்துப் பிடுங்கினேன்.
மூன்று வருடம் ஒரே புல், ஒரே உயரம்,
எண்ணெய் வைத்துச் சீவிய பள்ளிக்கூடத் தலை.
விதையும் விற்றது. பொய் சொல்லக் கூடாது.

பிறகு இரண்டு ஐப்பசி வானம் ஏமாற்றியது.
கொழுக்கட்டைத் தூர் நரைத்துச் சுருங்கி
தூருக்கும் தூருக்கும் நடுவே
ஒரு சாண் வெறும் மண்.
சித்திரையில் ஒரே ஒரு நாள் கொட்டியது.
எந்த லாரி டயரில், எந்தத் தீவனச் சாக்கில் வந்ததோ,
அந்த ஒரு சாணில் உட்கார்ந்தது.
காலி வீட்டுக்குள் வருகிறவன்
கதவைத் தட்டவா செய்வான்?

கோயமுத்தூரிலிருந்து ஆராய்ச்சிக்கென்று ஒரு பெண், இவாஞ்சலின்.
கம்பியில் செய்த சதுரத்தைக் கண்ணை மூடி எறிவாள்,
விழுந்த இடத்தில் குத்தவைத்து எண்ணுவாள்.
என் பக்கம் எண்ணிய நேரத்தைவிட
கிளுவை முள்ளில் மாட்டிய துப்பட்டாவை எடுத்த நேரம் அதிகம்.
"உங்க சதுரத்துல ரெண்டே இனமுங்க.
அக்கா சதுரத்துல பதினாலு."

பருவதத்தின் காட்டில் அழகு ஒன்றும் இல்லை.
ஒன்று காயும்போது ஒன்று துளிர்க்கிற
ஒழுங்கில்லாத காடு.
கொழுஞ்சி ஆழத்தில் போய்க் குடிக்கிறது,
ஓட்டன்புல் மேல்மண்ணை விரல்விட்டுப் பிடித்திருக்கிறது,
மிச்ச வெயிலை நரிப்பயறு தரையில் விழவிடுவதில்லை.
அங்கேயும் பார்த்தீனியம் முளைத்ததாம்.
நாலு இலையோடு, வெளுத்து,
கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காதவன் போல நின்றதை
இவாஞ்சலின் கைப்பேசியில் காட்டினாள்.

நானும் விடவில்லை.
கடவுப் பக்கம் கூட்டிப் போனேன்.
ஆடு மிதித்து, டிராக்டர் திரும்பி, மண் கிழிந்த இடம்.
அங்கே பருவதத்துக்கும் இடுப்புயரம் நிற்கிறது.
ஆமாங்க என்று அதையும் எழுதிக்கொண்டாள்.
பதினாலு இருந்த சதுரம் ஒன்றிலேயே
ஒரு செடி பூத்திருந்ததாம். ஏனென்று தெரியவில்லையாம்.
தெரியாததற்கும் அவள் நோட்டில் ஒரு கட்டம் இருந்தது.

நேற்றுப் பொழுதோடு வேலியோரம் நின்று கேட்டேன்.
"பகல்ல உன்ற காட்டுல மேயட்டும்.
ராத்திரிக்குப் பட்டிய எங்காட்டுல போடேன்."
புழுக்கையில் என்னவெல்லாம் வரும் என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
பருவதம் கயிறு முறுக்குவதை நிறுத்தவில்லை.
"மொதல்ல அந்தப் பூவைப் புடுங்குங்க மாமா.
அப்பறம் ராத்திரிக்கு எரநூறு."
"எதுக்கு எரநூறு?"
"களை வெதைக்கறதுக்கு."

நூற்றைம்பது என்றேன்.
அன்றைக்குப் பிடுங்கக் கொடுத்த கூலியை
நான் பேச்சில் எடுக்கவில்லை.
அவளுக்குத் தெரியும்.
டீ போட்டுக் கொண்டுவந்தவள் அவள்தான்.