ஏழாம் கூடு

விபத்து நிகழ்ந்த விதம் என்று கேட்கிறது ஏழாம் கூடு.
இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
"கரைவலை இழுக்கும்போது" என்று தொடங்கினேன்.
மேசைக்கு அந்தப்பக்கம் ஆதங்கண்டு
மூன்று விரல் மிஞ்சிய கையைத்
தாளின் மேல் வைத்தார்.
"இழுக்கல்ல புள்ள. வலிச்ச."

ரெண்டும் ஒண்டுதானே காக்கா, என்றேன்.
நிந்தவூரிலிருந்து கல்முனைக்கு
இரண்டு பஸ் விட்டு மூன்றாவதில் ஏறி வந்த மனுசன்
கொஞ்சநேரம் பேசவில்லை.

"செத்த நாய இழுக்கிற.
கதிரைய இழுத்துப் போட்டுக் குந்துற.
லீசிங்காரன் வந்து ஓட்டோவ இழுத்துட்டுப் போற.
அங்கால ஒண்டையும் கேக்கத் தேவல்ல.

வலிக்கிறண்டா அப்படியில்ல.
இருபது பேர், ரெண்டு கயிறு.
அலை உள்ளுக்குப் போனா விட்டுக் குடுக்கணும்,
கரைக்கு வந்தா எடுக்கணும்.
அங்கால மடி, மடிக்குள்ள மீன்,
மத்தக் கயித்தில எண்ட மச்சான்.
எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுத்தான் வலிக்கிற.
தோணியில தண்டும் அப்படித்தான்,
தண்ணி சொல்லணும்."

அப்ப விரல்?

"அது ட்ராக்டர்.
சம்மாட்டி இந்த வருசம் வின்ச் பூட்டின.
அதுக்கு அலை விளங்கா.
நான் வலிச்சி நிண்ட. அது இழுத்த."
கயிற்றுக்கும் இரும்புக்கும் நடுவில் போனவற்றை
கடைச் சிட்டை வாசிப்பதுபோல் சொன்னார்:
சுண்டுவிரல் ஒண்டு, மோதிரவிரல் ஒண்டு.

நான் தமிழ் சிறப்புப் பட்டம்.
வலித்தல் என்றால் இழுத்தல் என்று எழுதி
முழுப் புள்ளி வாங்கியவள்.

வெட்டினேன். மேலே எழுதினேன்:
"தொழிலாளர் வலிக்கையில் இயந்திரம் இழுத்ததால்."
கூட்டுக்குள் அடங்கியது.
வெட்டிய இடத்தில் சின்னதாய் ஒரு கையொப்பம்.

ஏழு கிழமை கழித்துத் திரும்பி வந்தது
சிவப்பு மையோடு.
"வலி உடலின் எப்பகுதியில்? எத்தனை நாட்களாக?
வைத்தியச் சான்றிதழ் இணைக்கவும்."
அதன் கீழே வேறொரு கையெழுத்தில்
வெட்டுள்ள படிவங்கள் ஏற்கப்படமாட்டா.

திங்கட்கிழமை ஆதங்கண்டு வந்தார்.
அவருக்குக் கோபம் வந்தது என்று எழுத எனக்கு ஆசை.
சிரித்தார்.
"நோ இல்லயெண்டு எழுதிருங்க.
நோவெல்லாம் நோம்போட முடிஞ்சி."
என்ன செய்யிற காக்கா,
கேஸ் இழுபடுது, என்றேன்.
"ஆ," என்றார், "அது சரியான சொல்லு."

மேசை லாச்சி உப்புக்காற்றில் இறுகிக் கிடந்தது.
ஒரே மூச்சில் இழுத்தேன், வரவில்லை.
கொஞ்சம் உள்ளே விட்டுப் பிறகு எடுத்தேன்.
அவர் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

புதுப் படிவம்.
பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம்.
ஏழாம் கூட்டுக்கு வரும்போது
அவர் கை ஏற்கெனவே தாளின் மேல் இருந்தது.