திறப்பு

பயணப்பையைக் கவிழ்த்தபோது
மகளின் ஈரக் காலுறைக்குள்ளிருந்து
வெள்ளவத்தை மூன்றாம் மாடித் தரையில்
விழுந்தது அது.
ஒரு சாண் நீளம். கறுத்த இரும்பு.
பித்தளை வில்லையில் இலக்கம் நான்கு.

நான்கு என்றால் கன்றுக்குட்டிக் கொட்டில்.
இராகலைக்கு மேலே, பின்னேரம் மூன்று மணிக்கே
மேகம் வேலி தாண்டி வந்துவிடும் மேட்டில்
யாரோ ஒரு துரை மாடு வளர்த்த பண்ணைவீடு.
இடிந்து கிடந்ததைக் கல் கல்லாய்
எடுத்துக் கட்டினார்களாம்.
கட்டிலுக்கு மேல் சட்டம் போட்ட பழைய படம்:
எங்கள் தலையணை கிடந்த இடத்தில் ஒரு கன்று,
அதன் கயிற்றைப் பிடித்தபடி ஒரு பெண்ணின் கை.
கை மட்டும்.
மற்றதெல்லாம் படத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

இரண்டு இரவு.
எவ்வளவு காசென்று வாகீசன்
இன்னும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை.
முதல் நாள் மழை. அடுத்த நாளும் மழை.
கணப்பில் யூக்கலிப்டஸ் கட்டை
எரிந்ததை விடப் புகைந்தது அதிகம்.
மகள் அட்டை கடித்த இடங்களை எண்ணி
ஐந்து என்று பெருமையாய் அறிவித்தாள்.
இங்கே நாங்கள் கதைப்பது
பக்கத்து வீட்டு மிக்சிக்கும்
கடலோர ரயிலுக்கும் மேலாக.
அங்கே சுவர் இரண்டடித் தடிப்பு.
என் குரல் எனக்கே புதுசாய்க் கேட்டது.

இரவில் கதவைப் பூட்டுவது நான்தான்.
திறப்பு திரும்பும்,
உள்ளே எங்கோ ஆழத்தில் ஒரு
'டக்'.
அதைக் கேட்டுவிட்டுப் படுத்தால் விடியும்வரை நித்திரை.
சப்பாத்துச் சத்தம் படியேறி வருகிறதா,
எந்த மாடியில் நிற்கிறது,
அடையாள அட்டை தலையணைக்குக் கீழேதானே என்று
இந்த நகரத்தில் ஒரு காலம்
விழித்துக் கிடந்து பழகியவள் நான்.
சத்தம் நின்று வருசக்கணக்காகிறது.
காதுக்குத்தான் அது இன்னும் தெரியாது.

ஐயோ, அடுத்து வந்தவர்கள்
வாசலில் நிற்பார்களே என்று
பதறியடித்துப் போன் எடுத்தேன்.
வரவேற்பில் நிற்கும் திலகராஜ் சிரித்தான்.
"நீங்களே வச்சுக்குங்க மேடம்.
பஞ்சிகாவத்தையில டசின் கணக்கா வாங்குறது.
கறுப்பு அடிச்சு வில்லை மாட்டுறது நாங்கதான்."
அப்ப கதவு?
"அந்தப் பூட்டுக்கு நாக்கே கிடையாது மேடம்.
மழைக்குப் பலகை ஊதி
கதவு தானா இறுகிக்கும்.
வெயில் காலத்துல ஒரு கல்லு முட்டுக் கொடுப்போம்."

வாகீசன் கேட்டவுடனே சிரித்தார்.
எனக்குச் சிரிக்க
இரண்டு நாள் எடுத்தது.

கோட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில்
பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒன்று
மலையேறி, மூப்பு வாங்கி,
எங்கள் பையில் இறங்கி வந்திருக்கிறது.
குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் போட்டேன்,
தண்ணீர் பில்லும் கறன்ட் பில்லும்
பறக்காமல் இருக்கட்டும் என்று.

நேற்று எடுத்துப் பார்த்தேன்.
உப்புக்காற்று வேலையைத் தொடங்கியிருக்கிறது.
பூச்சு உரிந்து
பல்லுக்குப் பல் செம்மஞ்சள்.
விரலில் ஒட்டியது சேலையிலும் ஒட்டியது.
கழுவினேன், போகவில்லை.

எல்லோரும் படுத்த பிறகு
எங்கள் கதவின் மூன்று பூட்டையும் பூட்டிவிட்டு
இழுத்துப் பார்த்துவிட்டு
இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு
அந்தத் திறப்பை
இருட்டுக்குள் நீட்டி ஒருமுறை திருப்பினேன்.

'டக்' என்றேன்.
நாக்கு
அண்ணத்தில் பட்டு
இறங்கியது.