நான்கு நிமிடம்

லியெபாயாவில் டிராம் தடம் ஒன்றே ஒன்றுதான்.
இந்த முனையிலிருந்து அந்த முனை,
அந்த முனையிலிருந்து இந்த முனை.
முனைக்கு நான்கு நிமிடம் ஓய்வு.
ஒரு சிகரெட்டும் நான்கு நிமிடம்தான்.
வெல்தா கடிகாரம் பார்ப்பதில்லை.
விரல் சுட்டால் மணி அடிப்பாள்.

பால்டிக் காற்றில் தீக்குச்சி நிற்காது.
கோட்டுக்குள் தலையை நுழைத்துப் பற்றவைப்பது
இருபத்தாறு வருடக் கைப்பழக்கம்.

"ஆறு. நான்கு. ஏழு.
ஏழு. ஐந்து. எட்டு."
பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே
மெல்லிய கோலை இறக்கி
மருத்துவர் இந்துலிஸ் ஆழம் சொல்லச் சொல்ல
ஸனீத்தா எழுதினாள்,
வாடகைப் பாக்கி குறிப்பதுபோல.
எட்டு மில்லிமீட்டர்:
ஒரு நெல்மணி நின்றபடி புதையும்.

"ஆனால் ரத்தம் வரவில்லை, பாருங்கள்."
வாயில் பஞ்சோடு பெருமைப்பட்டாள் வெல்தா.
"என் தங்கைக்கு ஆப்பிள் கடித்தாலே சிவக்கும்.
எனக்கு ஒரு சொட்டு கிடையாது."

இந்துலிஸ் விளக்கைத் திருப்பினார்.
வராததுதான் சிக்கல் என்று
வாய் திறந்து கிடப்பவளிடம் எப்படிச் சொல்ல?
நுண்குழாய்களின் கழுத்தைப் புகை நெரித்திருந்தது.
அழக்கூடத் திராணியற்ற வீட்டை
"அமைதியான குடும்பம்" என்று
பக்கத்து வீட்டார் சொல்வார்களே,
அப்படி.

சுரண்டினார்கள். கீறித் திறந்து கழுவினார்கள்.
கறுப்பு நூலால் ஆறு தையல்.
"புகை மட்டும் வேண்டாம்."
தலையாட்டினாள்.
மூன்றாம் நாள் கடைசி நிறுத்தத்தில்
தையல் வலப்பக்கம் என்பதால்
இடப்பக்க உதட்டில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து
இடப்பக்கமும் இல்லை வலப்பக்கமும் இல்லை,
நனைந்த காகிதம்போல் வெளுத்த சதை.
"ஆறு. நான்கு. ஏழு. ஆறு. ஐந்து. எட்டு."
அத்தனை வலிக்கும் சேர்த்து
ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டர்.
யாரும் திட்டவில்லை.
ஸனீத்தாதான் மெதுவாகக் கேட்டாள்:
"எந்த முனையில்?"
"இரண்டிலும்."

தமிழில் ஈறு என்றால் முடிவு என்றும் பொருள்.
வெல்தாவுக்கு அது தெரியாது.
இருந்தாலும் அவளுடைய ஒவ்வொரு ஈற்றிலும்
நாளுக்குப் பதினெட்டு முறை
ஈறு எரிந்துகொண்டிருந்தது.

விட்டது எதனால் என்று கேட்டால்
சொல்லத் தெரியாது அவளுக்கு.
நவம்பரில் ஒருநாள் தீப்பெட்டி நனைந்திருந்தது.
கடை பூட்டியிருந்தது.
மறுநாள் வெறும் பிடிவாதம்.
அதற்கடுத்த நாள்
பிடிவாதத்தை வீணாக்க மனமில்லை.

நான்கு நிமிடம் இவ்வளவு நீளமா?
கண்ணாடி துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.
கம்பத்தில் உட்கார்ந்த கடற்காகத்தோடு சண்டை போட்டாள்.
பயணி ஒருவர் கதவைத் தட்ட
அவரையும் திட்டினாள்.

பிப்ரவரியில் தொட்டி சிவந்தது.
பிரஷ் முனையில், எச்சிலில், ரொட்டியின் கடிவாயில்.
"விட்டதற்கு இதுதான் கூலியா?"
மருத்துவமனைத் தொலைபேசியே அதிரக் கத்தினாள்.
விடுமுறை நாளில் வந்து
சண்டைக்கு நிற்பவள்போல் வாயைத் திறந்தாள்.

கோல் இறங்கியது.
அது ஏறிய பின்
குண்டூசித் தலையளவு சிவப்பு
யோசித்து யோசித்து மேலே வந்தது.
வெல்தாவின் தாளில் முதன்முறையாக
ஸனீத்தா சிவப்புப் பென்சிலை எடுத்தாள்.

"இத்தனை நாள் உங்கள் ஈறு பொய் சொன்னது,"
என்றார் இந்துலிஸ்.
"இப்போது எங்கே அழுக்கு, எங்கே புண் என்று
காட்டிக் கொடுக்கிறது.
சுத்தம் செய்வோம். மெல்ல நிற்கும்.
நின்றால் அந்த நிற்றலை நம்பலாம்."

ஐந்து. மூன்று. ஐந்து. நான்கு. நான்கு.
எட்டு இருந்த இடத்தில் எட்டேதான்.
கீழ்வரிசையின் அந்தப் பல்
ஏப்ரலில் போயிற்று.

இப்போதும் கடைசி நிறுத்தத்தில்
காற்று திரும்பினால்
வெல்தாவின் இரு கைகளும் தாமாகக் குவிகின்றன,
இல்லாத தீக்குச்சிக்கு.
நாக்கு போய் அந்தச் சந்தைத் தொடுகிறது.
இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது.